மாமனார் தூங்குவதில்லை

மாமனார் தூங்குவதில்லை. அந்த வீட்டில் இது தகவல் அல்ல, சட்டம்.

மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலைக்காலம் முழுக்க இரவு ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "ஊரே போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தப்ப, கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தவன் நான்" என்றுதான் எந்தப் பேச்சையும் தொடங்குவார். காய்கறி விலையைப் பற்றிய பேச்சென்றாலும் முன்னுரை இதுவே. ஓய்வுக்குப் பிறகும் தூக்கம் தன் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பது அவர் கட்சி. அப்படியென்றால் மதியம் சாப்பிட்டு முடித்ததும் முன்னறைச் சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பாரே, அது என்ன? அதற்கு வீட்டில் வேறு பெயர் இருந்தது. "சத்தம் போடாதீங்க, அப்பா யோசிக்கிறார்" என்பாள் மகள்.

அந்த மகளைக் கட்டிக்கொண்டவன்தான் டிசைனர். முன்பு வேலை பார்த்த விளம்பர நிறுவனம் ஒரு சுபதினத்தில் ஷட்டரை இறக்கிவிட, மனைவியோடு மாமனார் வீட்டு மாடியறைக்குக் குடிவந்தவன். வீட்டோட மாப்பிள்ளை என்று அவன் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. மாமனார்கூட நாகரிகமாகத்தான் சொல்வார்: "மாப்பிள்ளை, என் சிநேகிதன் டைல்ஸ் கடையில கல்லாவுல உட்கார ஆள் தேடறான். ஏசி போட்ட கடை. பாத்ரூம் டைல்ஸ்ல என்னமா டிசைன் இருக்கு தெரியுமா! உங்க லைனுதான்."

இப்போது புதிதாக ஓர் ஏஜென்சியில் வேலை கிடைத்திருந்தது. இன்னும் நிரந்தரமாகவில்லை. ஏஜென்சி முதலாளி ஒளிவுமறைவில்லாத மனிதர். "இந்த மெத்தைக் கம்பெனி ஆர்டர் நிலைச்சா நீயும் நிலைச்சே. அது போச்சுன்னா, அதை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடறப்ப நீயும் அப்படியே கிளம்பிடலாம்" என்று சொல்லிவிட்டார். ஆகவே ஒரு பக்கம் மெத்தை, மறுபக்கம் டைல்ஸ். நடுவில் அவன்.

வாடிக்கையாளர் முன்னால் மூன்று டிசைன் வைப்பது அந்தத் தொழிலின் பழக்கம். ஒன்று, வேண்டாம் என்று சொல்லி அவர் சந்தோஷப்படுவதற்காகச் செய்யப்படுவது. இன்னொன்று, அவருடைய புகைப்படத்தையே ஆளுயரத்துக்குப் போட்டு அவர் மனம் குளிரச் செய்யப்படுவது. மூன்றாவதுதான் டிசைனர் உண்மையிலேயே செய்ய ஆசைப்பட்டது. அது வழக்கமாகத் தோற்கும்.

அவன் ஆசைப்பட்டது இதுதான்: பெரிய விளம்பரப் பலகை முழுக்கக் கருநீலம், வெறும் கருநீலம். கீழ் மூலையில் அசந்து தூங்கும் ஒரே ஒரு முகம். ஓரத்தில் கம்பெனி பெயர், சின்னதாக. அவ்வளவுதான். ஆனால் அந்த முகத்துக்கு எங்கே போவது? விலைக்குக் கிடைத்த படங்களில் எல்லாம் லிப்ஸ்டிக் போட்ட பெண்கள் சிரித்துக்கொண்டே தூங்கினார்கள். எவள் சிரித்துக்கொண்டே தூங்குகிறாள்?

அப்போதுதான் அந்தப் படம் நினைவுக்கு வந்தது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த நாட்களில், சோபாவில் கிடந்த மாமனாரைச் செல்போனில் எடுத்து, "உங்கப்பா ஆழ்ந்த யோசனையில்" என்று மனைவிக்கு அனுப்பிய படம். அந்தப் போன் பிறகு துணி ஊறவைத்த வாளிக்குள் பாய்ந்து உயிரை விட்டது. மனைவியின் போனில் மட்டும் படம் மிச்சமிருந்தது. அதை எடுத்து டிசைனில் வைத்தான். பஸ் சீட்டில் கைக்குட்டை போட்டு வைப்பதுபோல, இடம் பிடித்து வைக்கத்தான். சரியான படம் கிடைத்ததும் எடுத்துவிடலாம் என்பது எண்ணம். ஆனாலும் தொழில் புத்தி விடுமா? ஒரு முழு மதியம் உட்கார்ந்து அந்த முகத்தைச் சோபாவிலிருந்து வெட்டி எடுத்தான். நரைத்த தாடியின் ஒவ்வொரு முள்ளையும், இடது ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தொங்கும் கீழுதட்டையும் சுற்றிச் சுற்றி வெட்டினான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த முகத்தை அவ்வளவு நேரம் உற்றுப் பார்க்க அவனுக்குத் துணிவு வந்ததே இல்லை.

மெத்தைக் கம்பெனி எம்.டி. தன் அறைக் கதவில் 'தலைமைக் கனவு அதிகாரி' என்று பலகை மாட்டியிருந்தார். பஞ்சு வியாபாரம் செய்து கம்பெனியைத் தொடங்கிய அவருடைய தகப்பனார், உலகத்தில் இப்படியொரு பதவி இருப்பதே தெரியாமல் கண்ணை மூடிவிட்டார். அறைக்குள் நாற்காலிகளுக்குப் பதில் மெத்தைத் துண்டுகள். அவற்றில் உட்கார்ந்தவர் நிமிர்ந்து உட்கார முடியாது, எழுந்திருக்கவும் முடியாது. அந்த நிலையில்தான் பேச்சுவார்த்தை நடத்துவார்.

முதல் டிசைனை வேண்டாம் என்றார். தன் படம் போட்ட இரண்டாவதை ஆசையோடு பார்த்தார். மூன்றாவதைக் கையில் வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பெரியவர் யாரு?"

"அது சும்மா இடத்துக்கு வச்சது சார்" என்றான் டிசைனர். "மாத்திடுவோம்."

"மாத்தினா நானும் ஏஜென்சிய மாத்திடுவேன். எங்களுக்கு இதுவரைக்கும் விளம்பரம் பண்ணினவங்க எல்லாம் கண்ணை மூடிக்கிட்டிருந்தாங்க. இந்த ஆள்தான் தூங்கறாரு."

அவர் சொன்னது முழு உண்மை. இப்படிப்பட்டவர்கள் எப்போதாவது சரியாகப் பேசிவிடுவதுதான் அவர்களை நம்பிப் பிழைப்பவர்களுக்கு ஆபத்து.

"நம்ம ஆளுதான் சார்" என்று ஏஜென்சி முதலாளி மெத்தைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார். "பழம்பெரும் நாடக நடிகர்."

"அப்ப சரி. வெள்ளிக்கிழமை பிரிண்டுக்குப் போகட்டும். ஞாயித்துக்கிழமை பாலத்துப் பக்கம் போர்டு நிக்கணும்."

ஆபீசுக்குத் திரும்பிப் படத்தைப் பலகை அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் டிசைனருக்கு விஷயம் விளங்கியது. போனுக்குப் போன் அனுப்பியதில் படம் சுருங்கிப் போயிருந்தது. சின்னத் திரையில் பூப்போல இருந்த மாமனாரின் மூக்கு, பெரிதாக்கியதும் படிக்கட்டாகிவிட்டது. கன்னம் கட்டம் போட்ட லுங்கி மாதிரி இருந்தது. எந்தக் கற்றுக்குட்டியும் படத்தின் அளவை முதலில் பார்ப்பான். இடம் பிடிக்க வைத்த கைக்குட்டைதானே என்று இவன் பார்க்கவில்லை. தெளிவாக்கித் தரும் மென்பொருள் ஒன்றிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அது மாமனாருக்கு மேல்வரிசையில் இல்லாத பற்களையெல்லாம் வைத்து, லேசாகப் புன்னகைக்கவும் விட்டது.

"ஆளைக் கூட்டிட்டு வா. திரும்ப எடுப்போம்" என்றார் முதலாளி. "அவர்கிட்ட சம்மதக் கையெழுத்தும் வேணும். ஆமா, யாருய்யா அவரு?"

"என் மாமனார்."

"அடடா, வீட்டுக்குள்ளயே விஷயம் முடிஞ்சுபோச்சு!" என்றார் முதலாளி. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

வீட்டில் மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தி, மடிக்கணினித் திரையில் அந்த வெட்டாத படத்தைப் பார்த்தார்.

"யாரு இது?"

"நீங்கதான் மாமா."

"நானா? எவனோ மூச்சுப் பேச்சில்லாம கிடக்கறான்."

"அப்பா, அது உங்க சட்டை" என்றாள் மகள். "பாக்கெட்டுல பாருங்க, உங்க மூக்குக் கண்ணாடி."

"சட்டை என்னுது. உள்ள இருக்கறவன் நான் இல்ல."

டிசைனர் விஷயத்தைச் சொன்னான். மெத்தை, பாலம், வெள்ளிக்கிழமை, முதலாளி அளந்த நாடக நடிகர் கதை, தன் வேலை. மாமனார் முகம் வரவர இறுகியது. ஆனால் அவன் எதிர்பார்த்த கத்தல் வரவில்லை. செய்தித்தாளை நாலாக மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, குரலை இறக்கிப் பேசினார்.

"மாப்பிள்ளை, என் கன்ட்ரோல் ரூம்ல ஒருத்தன் மேஜையில தலையைச் சாய்ச்சுட்டான். கொஞ்ச நேரம்தான். நான்தான் மேல எழுதிப் போட்டேன். அவனைக் கொண்டுபோய் நிலக்கரி மேட்டுல போட்டுட்டாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் கரித்தூள்லதான் கிடந்தான். இன்னைக்கும் வழியில பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கறான். அந்தப் பாலத்து வழியாத்தான் அவன் தினம் பஸ்ல போறான். நான் அங்க வீடு உசரத்துக்கு வாயைப் பொளந்துகிட்டு நின்னா, அவன் என்ன நினைப்பான்?"

டிசைனர் மடிக்கணினியை மூடக் கைவைத்தான். டைல்ஸ் கடைக் கல்லா, ஏசி காற்று சகிதம், கண்முன்னே வந்து நின்றது.

அவன் மனைவிதான் தண்ணீர் செம்பைத் தந்தைமுன் வைத்தபடி, போகிறபோக்கில் சொன்னாள்: "நீங்க தூங்கினதா யாருப்பா சொன்னா? அந்தக் கம்பெனிக்காரங்க உங்களை நாடக நடிகர்னு இல்ல நினைச்சுக்கிட்டிருக்காங்க. தூங்கற மாதிரி நடிச்சீங்க. அவ்வளவுதானே?"

மாமனார் தண்ணீரைக் குடித்தார். திரையை மறுபடி பார்த்தார்.

"நடிகரா?"

"ஆமாப்பா."

"எந்த மாதிரி? காமெடியா, குணச்சித்திரமா?"

"குணச்சித்திரம் மாமா" என்றான் டிசைனர், மூச்சுவிடாமல்.

"ம்." செம்பைக் கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். நான் தூங்க மாட்டேன். நடிப்பேன். அது வேற, இது வேற." பிறகு சம்மதத் தாளில், தொழில் என்ற இடத்தில் 'குணச்சித்திர நடிகர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஸ்டுடியோவில் கம்பெனியின் உயர்ரக மெத்தை மேடைமேல் தயாராக இருந்தது. சுற்றிலும் விளக்குகள். எம்.டி.யும் முதலாளியும் ஓரமாக நின்றார்கள். அச்சகத்திலிருந்து டிசைனருக்கு இரண்டு முறை போன் வந்துவிட்டது: சாயங்காலத்துக்குள் வராவிட்டால் மெஷினை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

மாமனார் ஆட்டோவிலிருந்து இறங்கிய கோலம் டிசைனரின் திட்டத்தில் இல்லாதது. தலைக்கு மை அடித்திருந்தார். முகத்தை வழித்துப் பளிங்காக்கியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார்.

"அந்தப் பெரியவர் வரலையா?" என்றார் எம்.டி.

"இவர்தான் சார்."

"அவரோட தம்பின்னு நினைச்சேன்."

"தாடியையும் நரையையும் கம்ப்யூட்டர்ல கொண்டுவந்துடலாம் சார்."

"தூக்கத்தை?" என்றார் எம்.டி. மறுபடியும் சரியாகப் பேசிவிட்டார்.

மாமனார் மெத்தையில் ஏறிப் படுத்தார். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடி, தாடையைப் பூட்டினார். போட்டோகிராபர் கேமரா வழியாகப் பார்த்துவிட்டு டிசைனரின் காதருகே வந்தார்.

"அண்ணே, இது மெத்தை விளம்பரமா, இரங்கல் அறிவிப்பா?"

"மாமா, கொஞ்சம் தளர்வா..."

"தளர்வாத்தான் இருக்கேன்" என்றார் மாமனார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"வாயை லேசா திறங்க ஐயா" என்றார் போட்டோகிராபர். மாமனார் பல் டாக்டருக்குத் திறப்பதுபோல் திறந்தார். "அவ்வளவு வேண்டாம். கண்ணை ஏன் இப்படி இறுக்கறீங்க, சோப்பு நுரை பட்டுடுச்சா?" உடனே கண்கள் பாதி திறந்தன. முன்பு இரங்கல் அறிவிப்பு, இப்போது கொலை நடந்த சம்பவ இடம்.

ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள், குப்புறப் போட்டார்கள், தலையணையை மாற்றினார்கள். ஒவ்வொரு படத்திலும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், ஒருவரும் தூங்கவில்லை. ஒரு நடுப்பகலில் தன் சோபாவில் இயல்பாகச் செய்ததைத் தானே நகல் எடுக்க முடியாமல் மாமனாருக்கு வியர்த்தது. முதலாளி டிசைனரைப் பார்த்த பார்வை, விற்கப்போகும் பீரோவைப் பார்க்கும் பார்வையாக இருந்தது.

எம்.டி. கடிகாரத்தைப் பார்த்தார். "போதும். இது வராது. நான் வேற ஏஜென்சிகிட்ட பேசிக்கறேன்."

"சார், இன்னும் ஒரே ஒரு..." என்றார் முதலாளி.

"நடிகருக்கு உணர்வு வரல. ஏன் வரல? தூக்கம்னா என்னன்னு யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லல." எம்.டி. ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு மெத்தையோரம் உட்கார்ந்தார். "கடைசியா நான் சொல்லிப் பார்க்கறேன். ஐயா, கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க. தூக்கம்ங்கறது என்ன? அது ஒரு பயணம். நம்ம கம்பெனியோட பயணமும் அப்படித்தான்..."

ஆரம்பமாகியது. ஊழியர் கூட்டங்களிலும் கடைத் திறப்பு விழாக்களிலும் பேசிப் பேசி வழுவழுப்பாக்கப்பட்ட உரை. பஞ்சிலிருந்து கனவுக்கு, கனவிலிருந்து தொலைநோக்குக்கு, தொலைநோக்கிலிருந்து மறுபடி பஞ்சுக்கு. அந்தக் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மின்மாற்றி போல ஒரே சுருதியில் ரீங்கரித்தது. வாழ்க்கையின் பாதி இரவுகளை மின்மாற்றிகளின் ரீங்காரத்தில் கழித்தவர் மாமனார். அதில் அவர் எப்படி விழித்திருந்தார் என்பது தெரியாது. விழித்திருந்தாரா என்பதும்தான்.

டிசைனர்தான் முதலில் பார்த்தான். கீழுதட்டின் இடது ஓரம் மெல்ல நழுவியது. அந்த ஓரத்தைச் சுற்றி அவன் ஒரு மதியம் முழுக்க வெட்டியிருக்கிறான். வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது. பிறகு உடம்போடு ஒட்டியிருந்த கைவிரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கன்னம் உள்ளே போனது.

போட்டோகிராபருக்குக் கண்ணைக் காட்டினான். அவர் புரிந்துகொண்டு, பக்கவாட்டு விளக்கை நகர்த்தப் பூனைபோல் போனார்.

"...ஆக, ஒவ்வொரு மெத்தைக்குள்ளயும் ஒரு மனிதநேயம் இருக்கு. அவ்வளவுதான்" என்று எம்.டி. நிறுத்தினார்.

அமைதி. மாமனாரின் புருவம் சுருங்கியது. கைவிரல் அசைந்தது. ரீங்காரம் நின்றால் விழித்துக்கொள்ளும் உடம்பு அது. விளக்கு இன்னும் பாதி வழியில்தான் இருந்தது.

"சார்!" என்றான் டிசைனர். என்ன சொல்லப்போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. "அந்த முதல் மெத்தை... அதைப் பத்திச் சொல்லாம விட்டுட்டீங்களே."

"எந்த முதல் மெத்தை?"

புருவம் மறுபடி நெளிந்தது.

"நீங்க ரொம்ப அடக்கமானவர் சார், அதான் சொல்ல மாட்டேங்கறீங்க."

உலகத்தில் எந்த எம்.டி.யும் இதற்குப் பிறகு வாயை மூடியதாகச் சரித்திரம் இல்லை. "அது வந்து, அப்பா காலத்துல..." என்று ரீங்காரம் மறுபடி எழுந்தது. புருவம் தளர்ந்தது. விளக்கு இடத்துக்கு வந்தது. கேமரா சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டே இருந்தது. எம்.டி. மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் டிசைனர் "அப்புறம் சார்?" என்றான். அடுத்த நிறுத்தத்தில் நிலைமை புரிந்துபோய் முதலாளியும் "ஆஹா, அப்புறம்?" என்றார். நாலு தலைமுறைக்குத் தேவையான தொலைநோக்கு அன்றைக்கு அங்கே வெளிவந்தது. போட்டோகிராபர் கட்டைவிரலை உயர்த்தியபோது டிசைனரின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அந்த நொடியில் மாமனார் குறட்டை விட்டார். மர அறுவை ஆலை திறந்ததுபோல.

எம்.டி. பாதி வாக்கியத்தில் நின்றார். காது மடல் சிவந்தது. "தூங்கிட்டாரா? நான் பேசிக்கிட்டிருக்கறப்பவா?"

யாரும் பதில் சொல்லவில்லை. முதலாளியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. படம் கிடைத்துவிட்டது. ஆனால் கோபித்துக்கொண்ட எம்.டி.க்குப் படத்தை விற்ற ஏஜென்சி எங்கேயும் இல்லை.

அந்த அமைதிதான் மாமனாரை எழுப்பியது. விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தவர், கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், விறைப்பாக அறிவித்தார்: "எல்லா ரீடிங்கும் நார்மல் சார்!"

டிசைனர் எதையும் யோசிக்கவில்லை. கை தட்டினான். "என்ன நடிப்பு மாமா! குறட்டை வரைக்கும்!"

மாமனார் சுற்றிலும் பார்த்தார். விளக்குகளையும் எம்.டி.யையும் பார்த்தார். கடைவாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "குணச்சித்திரம்னா சும்மாவா?"

"அது என்ன, ரீடிங் நார்மல்?" என்றார் எம்.டி., இன்னும் சந்தேகத்தோடு.

"பழைய நாடக வசனம் சார்" என்றார் முதலாளி.

எம்.டி. கேமராவின் பின்பக்கத் திரையைப் பார்த்தார். அங்கே ஒருவர் உலகத்தையே மறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எம்.டி.யின் காதுமடல் மெல்ல ஆறியது. "பார்த்தீங்களா!" என்றார் எல்லோரிடமும். "நான் எடுத்துச் சொன்னதும் எப்படிப் பிடிச்சுக்கிட்டார்! நடிகருக்கு வழிகாட்ட ஆள் வேணும்யா."

மதியம் முழுக்க டிசைனர் நரையைக் கொண்டுவந்தான், தாடியை முளைக்கவைத்தான். சாயங்காலம் அச்சகத்தில் மெஷினிலிருந்து முதல் துண்டு வெளியே வந்தது: அவன் உயரத்துக்கு ஒரு கண்ணிமை, கருநீலத்தில் அசையாமல். படிக்கட்டு இல்லை, கட்டம் இல்லை. முதலாளியிடமிருந்து போன் வந்தது. "எம்.டி. லோகோவக் கொஞ்சம் பெருசு பண்ணச் சொல்றார்" என்றார். "முடியாதுன்னு சொல்லிட்டேன். திங்கட்கிழமை வந்து வேலை நிரந்தரப் பேப்பர வாங்கிக்கோ."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்து எல்லோரும் முன்னறையில் இருந்தபோது மாமனாரின் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தவர் எடுக்கத் தயங்கினார். "நிலக்கரி மேட்டுக்காரன்" என்றார் மெதுவாக. மகள்தான் பச்சைப் பொத்தானை அழுத்தி அவர் காதில் வைத்தாள்.

மறுமுனையில் பஸ் சத்தம் அறைவரை கேட்டது. "அண்ணே, பாலத்துகிட்ட உங்களைப் பார்த்தேன். அடேங்கப்பா, என்னா தூக்கம்!"

மாமனார் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். டிசைனர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தூக்கம் இல்லப்பா" என்றார் கடைசியில். "நடிப்பு." கொஞ்சம் பொறுத்து, "உன்னைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்" என்றார்.

மறுமுனையில் பஸ் ஹாரன் ஒன்று அலறி ஓய்ந்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. பெரிய, இருமலில் போய் முடிகிற, கரித்தூள் கலந்த சிரிப்பு. "நடிப்பா! நானும் அன்னைக்கு அதைத்தான்ணே சொன்னேன், நீங்க நம்பல!" மாமனாரும் சிரித்தார். அவர் சிரித்து அந்த வீட்டில் யாரும் அதிகம் பார்த்ததில்லை. "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

"டைல்ஸ் கடைக்காரன் நேத்தும் கேட்டான்" என்றார் மருமகனிடம். "மாப்பிள்ளைக்கு நேரம் இல்லைன்னு சொல்லிட்டேன்." பிறகு சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடினார். கீழுதட்டின் இடது ஓரம் நழுவத் தொடங்கியது.

"சத்தம் போடாதீங்க" என்றாள் மகள். "அப்பா ஒத்திகை பார்க்கறார்."

டிசைனர் தன் போனை எடுத்தான். முதலில் கேமராவின் தரத்தை அதில் உள்ளதிலேயே மிக உயர்ந்ததற்கு மாற்றினான். அப்புறம்தான் எடுத்தான்.